லினக்ஸ் அச்சுச் சேவையகம்: அமைவும் பொறுப்பும்

நுழையும்முன்

அச்சுப்பொறி ஒன்றே, அதனை நாடும் கைகள் பல. யாருடைய தாள் முதலில் வரவேண்டும், யாருடைய பணியை யார் நீக்கலாம், தேர்வு வினாத்தாளை யார் காணலாகாது என்னும் கேள்விகளுக்கெல்லாம் ஒரு கணினி விடைகூற வேண்டியுள்ளது. அவ்விடைகளை அதற்குக் கற்பிப்பவர் மனிதரே. லினக்ஸ் இயக்க அமைப்பில் அச்சுச் சேவையகத்தை அமைக்கும் முறையினையும், ஒவ்வோர் அமைவின் பின்னும் உள்ள பொறுப்பினையும் இப்பாடம் விளக்குகிறது.

பொதுவில் ஒரு பொறி

ஒரு மேனிலைப்பள்ளியின் கணினி ஆய்வகத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே இருபது கணினிகள் உள்ளன. அச்சுப்பொறி ஒன்று மட்டுமே உள்ளது. அதனை ஒரு கணினியுடன் கம்பியால் இணைத்துவிட்டால், மற்றப் பத்தொன்பது கணினிகளில் பணிபுரிவோர் தம் கோப்புகளை நினைவகக் குச்சியில் எடுத்துக்கொண்டு அக்கணினியின் முன் வந்து நிற்க வேண்டும். கோப்புகள் இடம் மாறும், நச்சுநிரல்கள் பரவும், காத்திருப்போர் பெருகுவர். ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அச்சுப்பொறி வாங்குவதோ பொருட்செலவு மிக்கது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்ததே அச்சுச் சேவையகம். வலையமைப்பில் உள்ள கணினிகளிடமிருந்து அச்சுப் பணிகளைப் பெற்று, வரிசைப்படுத்தி, அச்சுப்பொறி ஏற்கும் வடிவிற்கு மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவைக்கும் கணினியே அச்சுச் சேவையகம் எனப்படுகிறது. இதற்கெனத் தனித்த பெரிய கணினி தேவையில்லை. பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவினாலே போதும்.

ஆயினும், பொதுவில் வைக்கப்பட்ட எப்பொருளுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஊர்க் கிணற்றில் நீர் இறைக்கும் முறையை ஊரார் வகுத்துக்கொள்வதுபோல, பொது அச்சுப்பொறியைப் பயன்படுத்தும் முறையையும் வகுத்தாக வேண்டும். அம்முறையைக் கணினிக்கு விளங்கும் மொழியில் எழுதிவைப்பதே ‘அமைவாக்கம்’ ஆகும்.

அச்சுப்பொறியும் கட்டற்ற மென்பொருளும்

லினக்ஸுக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்போருக்குச் செய்தி செல்லுமாறு செய்திருந்தார். அதே வசதியைப் புதிய பொறிக்கும் சேர்க்க விரும்பினார். ஆனால் அதன் மூலநிரல் அவருக்குக் கிட்டவில்லை. அதை வைத்திருந்த ஒருவரை நேரில் சென்று கேட்டபோது, பிறருக்குத் தருவதில்லை எனத் தாம் உறுதியளித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

தம்மால் சீர்செய்யக்கூடிய குறையைச் சீர்செய்ய இயலாமல் நின்ற அந்நிலை ஸ்டால்மனைச் சிந்திக்க வைத்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். யாவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமையுடைய மென்பொருள் என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய லினக்ஸ் கருவும் குனூ திட்டத்தின் கருவிகளும் இணைந்தே இன்றைய லினக்ஸ் இயக்க அமைப்புகள் உருவாயின.

கப்ஸ் தோன்றிய கதை

தொடக்க காலத்தில் யுனிக்ஸ் வகை இயக்க அமைப்புகளில் அச்சிடும் முறை இருவேறாகப் பிரிந்து கிடந்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழக வழியில் வந்தவை ‘எல்பிஆர்’ என்னும் கட்டளையையும், சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்தவை ‘எல்பி’ என்னும் கட்டளையையும் கையாண்டன. புதிய அச்சுப்பொறிகளின் இருபக்க அச்சு, தாள் தட்டுத் தேர்வு முதலிய வசதிகளை இவ்விரண்டும் முழுமையாக அறிந்திருக்கவில்லை.

1997இல் மைக்கேல் சுவீட் என்பவர் இவற்றுக்கு மாற்றாக ‘கப்ஸ்’ என்னும் அச்சு அமைப்பை உருவாக்கத் தொடங்கினார். ‘யுனிக்ஸ் அமைப்புகளுக்கான பொது அச்சு அமைப்பு’ என்பதே அப்பெயரின் விரிவு. 1999இல் அது வெளிவந்தது. பழைய இரு கட்டளைகளையும் அது ஏற்றுக்கொண்டமையால் பயனர்கள் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நேரவில்லை. 2002இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயக்க அமைப்பில் அதனைச் சேர்த்தது. 2007இல் அதன் மூலநிரல் உரிமையையும் வாங்கியது. இன்று ‘ஓப்பன்பிரிண்டிங்’ என்னும் அமைப்பு லினக்ஸுக்கான கப்ஸைப் பேணி வளர்க்கிறது.

இணைய அச்சு நெறிமுறையே கப்ஸின் அடித்தளம் ஆகும். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையின் மேலேயே இது இயங்குகிறது. இந்நெறிமுறைக்கு ஒதுக்கப்பட்ட போர்ட் எண், அதாவது வாயில் எண், 631. சேவையகக் கணினியில் உலாவியைத் திறந்து, ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் பெயருடன் முக்காற்புள்ளியிட்டு 631 என்று தட்டச்சு செய்தால் கப்ஸின் நிருவாகப் பக்கம் தோன்றும்.

ஒரு தாளின் பயணம்

அமைவுகளை மாற்றுமுன், ஓர் அச்சுப் பணி கடந்துசெல்லும் வழியை அறிதல் வேண்டும். பழுது நேரும்போது எந்நிலையில் நேர்ந்தது எனக் காண இவ்வறிவே துணைசெய்யும்.

முதலாவது நிலை ஏற்றல். பயனர் ‘அச்சிடு’ என்று ஆணையிட்டதும் அவரது ஆவணம் சேவையகத்தை வந்தடைகிறது. அங்கே அதற்கு ஒரு பணி எண் வழங்கப்படுகிறது.

இரண்டாவது நிலை காத்தல். அச்சுப்பொறி மெதுவாக இயங்குவது. கணினியோ விரைந்து இயங்குவது. எனவே வந்த ஆவணம் சேவையகத்தின் வட்டில் தற்காலிகமாகச் சேமிக்கப்படுகிறது. இதனை ‘ஸ்பூலிங்’ என்பர். ஒவ்வொரு பணிக்கும் இருவகைக் கோப்புகள் உருவாகின்றன. ஒன்று, பணியின் உரிமையாளர், படிகளின் எண்ணிக்கை முதலிய விவரங்களைக் கொண்டது. மற்றொன்று, ஆவணத்தையே கொண்டது. பணிகளுக்கு 1 முதல் 100 வரை முன்னுரிமை எண் தரலாம். எதுவும் குறிப்பிடாவிட்டால் 50 எனக் கொள்ளப்படும். ஒத்த முன்னுரிமை உடையவற்றுள் முதலில் வந்தது முதலில் அச்சாகும்.

மூன்றாவது நிலை மாற்றல். ஆவணம் பிடிஎஃப் வடிவில் இருக்கலாம், படமாகவும் இருக்கலாம். அச்சுப்பொறி அறிந்த வடிவமோ வேறு. ‘வடிகட்டிகள்’ எனப்படும் சிறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கி, ஆவணத்தை அச்சுப்பொறிக்கு விளங்கும் வடிவிற்கு மாற்றித் தருகின்றன.

நான்காவது நிலை அனுப்பல். யுஎஸ்பி கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ தரவை அச்சுப்பொறியிடம் சேர்ப்பது ‘பின்முனை’ என்னும் நிரலின் பணியாகும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் ஆவணம் ஒன்றைப் பிடிஎஃப் வடிவில் அனுப்பும்போது, அதில் பயன்படுத்திய எழுத்துருவும் பொதுவாக அக்கோப்பினுள்ளேயே பொதிந்து செல்கிறது. ஆகவே, சேவையகத்தில் அவ்வெழுத்துரு நிறுவப்படாவிட்டாலும் கொம்பும் காலும் புள்ளியும் தத்தம் இடத்தில் அச்சாகும். வெறும் உரைக்கோப்பாக அனுப்பினால் சேவையகத்தின் எழுத்துருக்களையே நம்பியிருக்க நேரும். அப்போது எழுத்துகள் கட்டங்களாகவோ இடம் பிறழ்ந்தோ வரக்கூடும்.

அமைவுக் கோப்பும் மூன்று கேள்விகளும்

கப்ஸின் அமைவுகள் ‘ஈடிசி’ கோப்புறையினுள் ‘கப்ஸ்’ என்னும் உட்கோப்புறையில் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ‘கப்ஸ்டி.கான்ஃப்’ என்னும் உரைக்கோப்பு. இதனை எளிய உரைத்தொகுப்பான் ஒன்றினாலேயே திறந்து படிக்கலாம். படிப்பவர் எவருக்கும் விதிகள் வெளிப்படையாகத் தெரியும் என்பது இம்முறையின் சிறப்பு.

இக்கோப்பில் வரிகள் பல இருப்பினும், அவை விடைகூறும் அடிப்படைக் கேள்விகள் மூன்றே. சேவையகம் எங்கே செவிமடுக்க வேண்டும்? யாருடைய வேண்டுகோளை ஏற்க வேண்டும்? யாருக்கு நிருவாக அதிகாரம் உண்டு?

முதற்கேள்வி: எங்கே செவிமடுப்பது?

இதற்கு விடைதருவது ‘லிசன்’ என்னும் வரி. நிறுவிய நிலையில் இவ்வரி, ‘லோக்கல்ஹோஸ்ட்’ முகவரியின் 631ஆம் வாயில் என்று மட்டுமே பொதுவாகக் கூறும். லோக்கல்ஹோஸ்ட் என்பது அக்கணினி தன்னையே குறிக்கும் பெயர். அஃதாவது, சேவையகம் தன் குரலைத் தவிர வேறெவர் குரலையும் கேளாது. ஐயமுள்ள இடத்தில் கதவை அடைத்து வைப்பதே நன்று என்னும் கொள்கை இது.

ஆய்வகக் கணினிகள் அச்சிட வேண்டுமெனில் இக்கதவைத் திறந்தாக வேண்டும். இதற்கு வழிகள் இரண்டு. ‘போர்ட் 631’ என எழுதினால், கணினிக்கு உரிய எல்லா முகவரிகளிலும் சேவையகம் செவிமடுக்கும். மாறாக, ஆய்வக வலையமைப்பில் அக்கணினியின் முகவரி 192.168.1.20 எனக் கொண்டால், ‘லிசன்’ என்பதன் பின் அம்முகவரியையும் 631ஐயும் எழுதலாம். அப்போது ஆய்வகத்தை நோக்கிய கதவு மட்டுமே திறக்கும். சேவையகம் வேறொரு வலையமைப்புடனும் இணைந்திருந்தால் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. எனவே இரண்டாம் வழியே சிறந்தது. லோக்கல்ஹோஸ்ட் வரியை நீக்காமல், புதிய வரியை அதன் கீழே சேர்க்க வேண்டும்.

செவிமடுத்தால் மட்டும் போதாது. அச்சுப்பொறி இருப்பதைப் பிற கணினிகள் அறியவும் வேண்டும். ‘பிரவுசிங்’ என்னும் வரியில் ‘ஆன்’ என எழுதினால், பகிரப்பட்ட அச்சுப்பொறிகளைச் சேவையகம் வலையமைப்பில் அறிவிக்கும். தீயரண் இயங்கும் கணினியாயின், 631ஆம் வாயிலுக்கு ஆய்வக முகவரிகளிலிருந்து மட்டும் வழிவிடுமாறு அதனையும் அமைக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: யாரை ஏற்பது?

இதற்கு விடைதருவன ‘லொகேஷன்’ என்னும் பகுதிகள். சேவையகத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு பகுதி எழுதலாம். சாய்கோடு ஒன்றை மட்டும் கொண்ட பகுதி சேவையகம் முழுவதற்கும் பொதுவானது. ‘அட்மின்’ என்னும் சொல்லைக் கொண்ட பகுதி நிருவாகப் பக்கங்களுக்கு உரியது.

பகுதியினுள் முதலில் ‘ஆர்டர் அலவ், டினை’ என்னும் வரி இடம்பெறும். வெளிப்படையாக அனுமதி பெறாத எவரும் மறுக்கப்படுவர் என்பது இதன் பொருள். அடுத்து, ‘அலவ்’ என்னும் சொல்லின் பின் அனுமதிக்கப்படும் முகவரிகளை எழுத வேண்டும். 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகள் அனைத்தையும் அனுமதிக்க, இறுதி எண்ணிற்கு மாற்றாக உடுக்குறி இடலாம். சேவையகம் நேரடியாக இணைந்துள்ள வலையமைப்புகள் அனைத்தையும் அனுமதிக்க, ‘லோக்கல்’ என்னும் சொல்லை அதற்குரிய குறியுடன் எழுதினால் போதும். ‘ஆல்’ என எழுதுவது எளிது. ஆனால் அது அறிந்தவர் அறியாதவர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிடும். விரைவாக வேலை முடியவேண்டும் என்பதற்காக இச்சொல்லை எழுதுவோர் பலர். இதனை எழுதுமுன் ஒருமுறை சிந்தித்தல் நலம்.

மூன்றாம் கேள்வி: யாருக்கு அதிகாரம்?

அச்சிடுவது வேறு; அச்சுப்பொறியை ஆள்வது வேறு. புதிய அச்சுப்பொறியைச் சேர்த்தல், நீக்குதல், நிறுத்திவைத்தல் ஆகியன நிருவாகியின் பணிகள். இவற்றைச் செய்வதற்குக் கடவுச்சொல் வேண்டும் எனவும், செய்பவர் குறிப்பிட்ட குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் எனவும் கப்ஸின் விதிகள் கூறுகின்றன. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அக்குழுவின் பெயர் ‘எல்பிஅட்மின்’. ஆய்வக ஆசிரியரை அக்குழுவில் சேர்த்தால், முழுக் கணினியின் அதிகாரத்தையும் அளிக்காமல் அச்சு நிருவாகத்தை மட்டும் அவரிடம் ஒப்படைக்கலாம்.

‘பாலிசி’ என்னும் பகுதியில் மற்றொரு நல்விதி உள்ளது. ஒரு பணியை நீக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கும் நிருவாகிக்கும் மட்டுமே உண்டு என்பதே அது. தன் தாள் விரைவில் வரவேண்டும் என்பதற்காகப் பிறர் பணியை நீக்கிவிட இவ்விதி இடந்தருவதில்லை. எனினும் இதில் ஓர் எல்லை உண்டு. வழக்கமான கொள்கையில், பயனரின் பெயரை அவரது கணினி எவ்வாறு கூறுகிறதோ அவ்வாறே சேவையகம் நம்புகிறது. இருபது கணினிகளிலும் ஒரே பயனர் பெயர் இருந்தால் அனைவரும் ஒருவராகவே கருதப்படுவர். பெயரை மெய்ப்பிக்க வேண்டும் எனில், கடவுச்சொல் கேட்கும் ‘ஆத்தென்டிகேட்டட்’ என்னும் கொள்கையை அந்த அச்சுப்பொறிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அச்சுப்பொறியைச் சேர்த்தலும் அதன் இயல்புகளும்

நிருவாகப் பக்கத்தின் வழியாகவோ ‘எல்பிஅட்மின்’ என்னும் கட்டளையின் வழியாகவோ அச்சுப்பொறியைச் சேர்க்கலாம். இக்கட்டளைக்கும் முன்கூறிய குழுவிற்கும் பெயர் ஒன்றே. பெயர், முகவரி, வகை ஆகிய மூன்றையும் தருதல் வேண்டும். பெயரில் இடைவெளியும் சாய்கோடும் இருத்தல் கூடாது. அண்மைக்கால வலையமைப்பு அச்சுப்பொறிகள் தம் இயல்புகளைத் தாமே கூறவல்லவை. அவற்றுக்கு வகையாக ‘எவ்ரிவேர்’ எனக் குறிப்பிட்டால், தனி இயக்கி நிரல் இன்றியே அவை இயங்கும்.

சேர்த்த பின் இயல்பு அமைவுகளைச் சரிபார்க்க வேண்டும். இவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது தாளின் அளவு. நம் நாட்டில் வழங்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. வட அமெரிக்காவில் வழங்கும் ‘லெட்டர்’ தாளோ ஏறத்தாழ 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அமைவில் லெட்டர் என்றிருந்து தட்டில் ஏ4 தாள் இருந்தால், இல்லாத தாளை எதிர்பார்த்து அச்சுப்பொறி காத்து நிற்கும். பொறி பழுதாகிவிட்டது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் பழுது பொறியில் இல்லை, அமைவில் உள்ளது.

இருபக்க அச்சினை இயல்பாக ஆக்கினால் தாளின் தேவை பாதியளவாகக் குறையும். ஒவ்வொருவரும் அச்சிடும் பக்கங்களுக்கு வரம்பு விதிக்கவும் இயலும். கால அளவை நொடிகளில் கூற வேண்டும். ஒரு வாரம் என்பது 604800 நொடிகள். அக்காலத்திற்குள் ஒருவர் அச்சிடத்தக்க பக்கங்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டுவிட்டால், வரம்பைக் கடந்தவரின் பணிகளைச் சேவையகம் ஏற்காது.

பணியின் தொடக்கத்தில் உரிமையாளரின் பெயர் தாங்கிய முகப்புத் தாள் ஒன்றை அச்சிடவும் ஆணையிடலாம். யாருடைய தாள் யாருடையது என்னும் குழப்பம் இதனால் நீங்கும். ஆயினும் ஒவ்வொரு பணிக்கும் ஒரு தாள் கூடுதலாகச் செலவாகும். எது பெரிது என்பதை அந்தந்த இடத்தின் தேவையே முடிவுசெய்ய வேண்டும்.

பிழை நேரும்போது என்ன செய்வது என்பதும் ஓர் அமைவே. ‘ஸ்டாப்-பிரிண்டர்’ எனில், ஒரு பணி தவறினாலும் அச்சு வரிசை முழுவதும் நிறுத்தப்படும். நிருவாகி வந்து மீண்டும் இயக்கும்வரை அனைவரும் காத்திருக்க வேண்டும். ‘அபார்ட்-ஜாப்’ எனில், தவறிய பணி கைவிடப்பட்டு அடுத்த பணி தொடங்கும். ‘ரிட்ரை-ஜாப்’ எனில், தவறிய பணி சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலப்படும். நிருவாகி எப்போதும் அருகில் இராத பள்ளி ஆய்வகத்திற்கு மூன்றாவது அமைவே பொருத்தமானது.

அச்சான பின்னும் இருக்கும் ஆவணம்

ஆய்வகத்தின் அதே அச்சுப்பொறியில் ஆசிரியர் ஒருவர் தேர்வு வினாத்தாளை அச்சிடுகிறார் எனக் கொள்வோம். தாள்களை எண்ணிச் சரிபார்த்து உறையிலிட்டு எடுத்துச்செல்கிறார். அறையில் வினாத்தாளின் சுவடே இல்லை என அவர் நம்புகிறார். ஆனால் அது சேவையகத்தின் வட்டில் இருக்கக்கூடும்.

‘பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ்’ என்னும் அமைவே இதற்குக் காரணம். கப்ஸில் இதன் இயல்பு மதிப்பு 86400 நொடிகள், அதாவது ஒரு நாள். அச்சாகி முடிந்த ஆவணத்தை அக்காலம் வரை சேவையகம் வைத்திருக்கும். தாள் கிழிந்தால் மறுபடி அச்சிட உதவும் நல்ல வசதி இது. அதே வசதி மறைவான ஆவணத்திற்கு ஊறாகவும் முடியலாம். அச்சு முடிந்தவுடன் கோப்பு நீங்க வேண்டும் எனில் இவ்வமைவில் ‘நோ’ என எழுத வேண்டும்.

வினாத்தாள் அச்சாகும்போது ஆசிரியர் பொறியின் அருகில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பணியை ‘நிறுத்திவை’ என்னும் குறிப்புடன் அனுப்பினால் அது வரிசையில் காத்திருக்கும். அச்சுப்பொறியின் அருகிலிருந்து ‘தொடர்க’ என ஆணையிட்ட பின்னரே அச்சாகத் தொடங்கும். இவ்வமைவுகளை அறியாதவர் கைகளில் நல்ல கருவியும் இரகசியத்தைக் காக்கத் தவறும்.

இரு நிகழ்வுகள் தரும் பாடம்

அமைவுகளில் கவனம் தேவை என்பதற்குக் கப்ஸின் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

2012இல் ஒரு குறை கண்டறியப்பட்டது. அச்சு நிருவாகக் குழுவில் உள்ள ஒருவர், நிகழ்வுப் பதிவேட்டின் இருப்பிடத்தை நிருவாகப் பக்கத்தின் வழியே மாற்றி, தமக்கு உரிமையில்லாத கணினிக் கோப்புகளையும் படிக்க இயன்றது. அச்சுப்பொறியை ஆளத் தரப்பட்ட சிறிய அதிகாரம், கணினி முழுவதையும் எட்டும் அதிகாரமாக மாறிவிட்டது. இதற்குப் பின்னர், பதிவேடுகளின் இருப்பிடம், நிருவாகக் குழுவின் பெயர் முதலிய நுட்பமான அமைவுகள் ‘கப்ஸ்-ஃபைல்ஸ்.கான்ஃப்’ என்னும் தனிக் கோப்பிற்கு மாற்றப்பட்டன. அதனை நிருவாகப் பக்கத்தின் வழியாகத் திருத்த இயலாது.

2024 செப்டம்பரில் மற்றொரு குறை வெளிப்பட்டது. ‘கப்ஸ்-பிரவுஸ்டு’ என்னும் துணைநிரல், வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிகளைத் தானே கண்டறிந்து சேர்ப்பதற்காக 631ஆம் வாயிலில் செவிமடுத்தது. செய்தி அனுப்புபவர் யார் என அது வினவவில்லை. தீங்கு கருதுவோர் பொய்யான அச்சுப்பொறி ஒன்றைச் சேர்க்கச் செய்து, அதன் விவரக் குறிப்பினுள் கட்டளை ஒன்றை மறைத்துவைக்க இயன்றது. பயனர் அப்பொறிக்கு ஏதேனும் அச்சிட அனுப்பினால் அக்கட்டளை கணினியில் இயங்கும். இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்கரிட்டெல்லி இதனை வெளியிட்டார். திருத்தங்கள் வழங்கப்பட்டன, தேவையற்ற இடங்களில் அத்துணைநிரலை நிறுத்திவைக்குமாறும் அறிவுறுத்தப்பட்டது.

முதல் நிகழ்வு உள்ளிருப்பவரின் அதிகாரத்திற்கு எல்லை வேண்டும் என்கிறது. இரண்டாம் நிகழ்வு வெளியிலிருந்து வருபவரை அறிந்தே ஏற்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டு குறைகளும் மூலநிரல் திறந்திருந்தமையால் பலரால் ஆராயப்பட்டன என்பதும் கருதத்தக்கது.

சரிபார்த்தலும் பழுது காணலும்

அமைவுக் கோப்பைத் திருத்துமுன் அதன் படி ஒன்றை எடுத்துவைத்தல் முதற்கடமை. திருத்திய பின், ‘கப்ஸ்டி’ என்னும் கட்டளையுடன் ‘-டி’ என்னும் குறியைச் சேர்த்து இயக்கினால், கோப்பில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ உள்ளதா என அது சோதித்துக் கூறும். பிழை இல்லை எனத் தெரிந்த பின்னரே கப்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அடுத்து ‘எல்பிஸ்டாட்’ என்னும் கட்டளையுடன் அதே ‘-டி’ குறியைச் சேர்த்து இயக்கினால், சேவையகம் இயங்குகிறதா, எந்தெந்த அச்சுப்பொறிகள் உள்ளன, எப்பணிகள் காத்திருக்கின்றன என்பன திரையில் தோன்றும். சேவையகத்தில் ஒரு சோதனைத் தாளும், ஆய்வகக் கணினி ஒன்றிலிருந்து மற்றொரு தாளும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், அச்சுப்பொறியில் குறை இல்லை. செவிமடுத்தலிலோ அனுமதியிலோ தீயரணிலோ குறை உள்ளது எனத் தெளியலாம்.

காரணம் புலப்படாதபோது துணைநிற்பவை பதிவேடுகள். அவை ‘வார்’ கோப்புறையின் ‘லாக்’ உட்கோப்புறையில் கப்ஸின் பெயரால் உள்ளன. பிழைப் பதிவேடு என்ன தவறு நேர்ந்தது என்பதையும், அணுகல் பதிவேடு எம்முகவரியிலிருந்து எவ்வேண்டுகோள் வந்தது என்பதையும் கூறும். ‘லாக்லெவல்’ என்னும் அமைவில் ‘டீபக்’ என எழுதினால் விரிவான செய்திகள் பதிவாகும். பழுது நீங்கியதும் அதனைப் பழைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பதிவேடு விரைந்து பெருகும்.

நிறைவாக

அச்சுச் சேவையகத்தின் அமைவுக் கோப்பு சில பக்க அளவே உடைய சிறிய உரை. ஆயினும் அதனை எழுதுபவர் ஒரு பொதுப்பொருளுக்கு விதி வகுப்பவர் ஆகிறார். கதவை முற்றிலும் அடைத்தால் பொறி யாருக்கும் பயன்படாது. முற்றிலும் திறந்தால் யாருக்கும் பாதுகாப்பு இராது. தேவையானவருக்குத் தேவையான அளவு திறந்து, காரணம் கூறமுடியாத எந்த வரியையும் எழுதாமல் இருப்பதே நல்ல நிருவாகியின் இலக்கணம். வரிசையில் நிற்கும் கடைசி மாணவரின் தாளும் உரிய நேரத்தில், உரியவர் கையில் சேர்வதே அவர் பணியின் பயன்.

கற்றவை கற்றபின்

1. அச்சுப் பணி ஒன்று கடந்துசெல்லும் நான்கு நிலைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் நேரக்கூடிய பழுது ஒன்றினைக் குறிப்பிடுக.

2. ‘லிசன்’ வரிக்கும் ‘போர்ட்’ வரிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. உம் பள்ளி ஆய்வகத்தின் அச்சுப்பொறிக்கு நீவிர் நிருவாகி எனில், யார் அச்சிடலாம், யார் நீக்கலாம், எத்தனை பக்கம் அச்சிடலாம் என்பனவற்றுக்கு விதிகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.

4. அச்சான ஆவணத்தைச் சேவையகம் ஒரு நாள் வைத்திருப்பது நன்மையா, தீமையா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.